கல்லுக்கு முன் பிறந்தோம் என்கிறோம். கல்லின் வயது தெரியுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலேயே "அருமை சார்" என்று போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். உங்கள் நோட்டைத் திருத்தியவன் நான். யார் படித்தீர்கள், யார் படிக்கவில்லை என்று இன்னும் என்னால் சொல்ல முடியும்.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானிகள் கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து, பூமியின் காலங்களுக்கு எல்லை வைக்கிறார்களாம். ஓட்டுப் போட்டு வைக்கிற தேதிக்கு என்ன மதிப்பு, கோடி வருஷம் என்பதெல்லாம் ஊகம்தானே என்பது அதன் சாரம். குடும்பக் குழுவில் அதைப் போட்டவர் என் மைத்துனர். அவரோடு எனக்குச் சண்டை இல்லை, தீபாவளிக்கு வழக்கம்போல வருவார். ஆனால் அதன் கீழே சிரித்த முகம் போட்டவர்களில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். 2022 மே மாதம் நினைவிருக்கிறதா? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்று இதே குழுக்களில் எத்தனை கைதட்டல்! எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த 4,200 எப்படி வந்தது? தோண்டிய குழியில் கிடைத்த கரிம மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதில் கார்பன்-14 எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தார்கள். கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு காலம் போயிருக்கிறது என்று தெரியும். அரைவாழ்வுக் காலம் என்று பாடத்தில் படித்தீர்களே, அதுதான்.

பாறைக்கும் இதே கணக்குத்தான். கார்பன்-14 சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் உதவாது, அதற்குள் தீர்ந்துபோகும். அதனால் மெதுவாகச் சிதையும் யுரேனியத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பாறைக்குள் சிர்க்கான் என்று மணல் அளவுக்குச் சின்னப் படிகம் இருக்கிறது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்டச் சேர்க்கவே சேர்க்காது. எனவே பின்னாளில் அதற்குள் காணும் ஈயம் அநேகமாக யுரேனியம் சிதைந்து வந்த ஈயம். யுரேனியம்-238 பாதியாவதற்குச் சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாவதற்குச் சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால், அந்தப் படிகத்துக்கு நடுவில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று தெரியும்.

கார்பன் சொன்ன வயதுக்குக் கைதட்டுகிறோம், யுரேனியம் சொன்ன வயதைப் பார்த்துச் சிரிக்கிறோம். முதலாவது நமக்குப் பெருமை தருகிறது, இரண்டாவது தரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நமக்குப் பிடித்த விடை வந்தால் விஞ்ஞானம், பிடிக்காவிட்டால் ஊகம் என்று சொல்ல நான் உங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

இப்போது ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். அது பொய் இல்லை. ஓட்டெடுக்கிறார்கள். எதற்கு என்பதுதான் கேள்வி.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. முந்தின நாள் சேலம் மாவட்டத்துக்காரராகத் தூங்கிய நம் பெரியவர்கள் மறுநாள் தருமபுரி மாவட்டத்துக்காரராக எழுந்தார்கள். தொப்பூர்க் கணவாய் நகரவில்லை, ஆறு திசை மாறவில்லை. அந்தத் தேதியை வைத்தது அரசாணை. அதற்காகத் தொப்பூர்க் கணவாயே கற்பனை என்று யாராவது சொல்வீர்களா? 2004-ல் கிருஷ்ணகிரியைப் பிரித்தார்கள். எல்லையை எங்கே வைப்பது என்று மனிதர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள். மலைகள் அதற்கு முன்பே இருந்தன.

பூமியின் காலக்கணக்கும் அப்படித்தான். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதைப் பாறை சொல்கிறது. எந்த இடத்தில் கோடு போட்டு, என்ன பெயர் வைத்தால் உலகம் முழுவதும் ஒரே அர்த்தத்தில் பேசலாம் என்பதை மட்டுமே கூட்டம் முடிவு செய்கிறது.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். மனிதன் பூமியை மாற்றிவிட்ட காலத்துக்கு ஆந்த்ரோபோசீன் என்று தனிப்பெயர் கொடுக்க வேண்டும் என்று 2009 முதல் ஒரு குழு வேலை செய்தது. 2023-ல் கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றைச் சான்றிடமாகத் தேர்ந்தெடுத்தது. பத்திரிகைகளெல்லாம் அந்தப் பெயரை ஏற்கனவே பயன்படுத்த ஆரம்பித்திருந்தன. ஓட்டெடுப்பில் 12 பேர் எதிர்த்தார்கள், 4 பேர்தான் ஆதரித்தார்கள். முன்மொழிவு தோற்றது. அணுகுண்டுச் சோதனைகளின் புளூட்டோனியம் அந்த ஏரிச் சேற்றில் இருக்கிறதா என்று யாரும் ஓட்டெடுக்கவில்லை. அது இருக்கிறது. அதை வைத்து ஒரு கோடு போடலாமா என்றுதான் ஓட்டெடுத்தார்கள். உலகமே விரும்பிய ஒரு பெயரையும் போதாது என்று தள்ளிவிடக்கூடியவர்களை நான் சந்தேகப்பட மாட்டேன், மரியாதைதான் கொடுப்பேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பூமியின் வரலாற்றில் ஒரு பெரிய எல்லை நம் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது.

பூமியின் பழைய காலத்தை ஆர்க்கியன், புரோட்டீரோசோயிக் என்று பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை 250 கோடி ஆண்டு. டைனோசர் காலம் முடிந்த எல்லைக்கு துனிசியா நாட்டில் எல் கெஃப் என்ற இடத்தில் பாறையையே சான்றாகக் காட்டலாம். 4,200 ஆண்டுக்கு முந்தைய வறட்சியில் தொடங்கும் மேகாலயன் காலத்துக்கு நம் நாட்டு மேகாலயாவின் மாம்லு குகையில் வளர்ந்த சுண்ணப் படிவு சான்று. அதை 2018-ல் ஏற்றார்கள். ஆனால் 250 கோடி என்ற எல்லைக்கு அப்படி ஒரு சான்றுப் பாறை கிடையாது. 1991-ல் வெளியான காலக்கணக்கில் அது வெறும் எண். எண் போதாது, பாறையில் தெரியும் மாற்றத்தோடு இந்த எல்லையைக் கட்ட வேண்டும் என்ற வாதம் இன்றும் நடக்கிறது.

அந்தக் காலகட்டத்தின் பாறை எங்கே இருக்கிறது? கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி காவேரிப்பட்டினம், காரிமங்கலம் வழியாகத் தருமபுரி வந்து இறங்குங்கள். சுமார் 45 கிலோமீட்டர். அந்த வழியில்தான் இருக்கிறது.

வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் வெள்ளையும் சாம்பலுமாக வரி ஓடிய பாறை. அது நீஸ். தெற்கே தருமபுரிப் பக்கம் வந்தால் எண்ணெய் தடவியதுபோல் கருநீலமும் பசுமையுமாக மினுங்கும் பாறை அதிகமாகிறது. அது சார்னோக்கைட். ஒன்று இன்னொன்றாக மாறும் மண்டலம் இடையில் இருக்கிறது. உருமாறிய பாறை என்று வகுப்பில் படித்தீர்களே, அந்த உருமாற்றம் படிப்படியாக நடந்ததை நிலத்திலேயே பார்க்கக்கூடிய இடம் இது. நாம் இன்று நிற்கும் தருமபுரித் தரை அந்தக் காலத்தில் பூமிக்குள் சுமார் 20 முதல் 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. 700 டிகிரிக்கும் மேல் வெப்பம். அந்தச் சூட்டில் கனிமங்களுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறியது. நீர் கொண்ட கனிமங்கள் போய் நீரில்லாத கனிமங்கள் வந்தன. சுருக்கமாகச் சொன்னால், வடக்கிலிருந்து தெற்கே வருவது பூமியின் ஆழத்துக்குள் இறங்கிப் பார்ப்பதற்குச் சமம். மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டதால் நமக்கு அந்த ஆழம் வெயிலில் கிடக்கிறது.

கிருஷ்ணகிரிப் பகுதிச் சிர்க்கான்களை வைத்து 1990களில் வெளியான கணிப்புப்படி, அங்குள்ள பாறைக்குழம்பு இறுகியது சுமார் 253 கோடி ஆண்டுக்கு முன். அது வெந்து உருமாறியது சுமார் 251 கோடி ஆண்டுக்கு முன். உலகக் காலக்கணக்கில் ஆர்க்கியன் முடிவதோ 250 கோடியில். புரிகிறதா கண்ணுகளா? ஒரு யுகம் முடியும் தறுவாயில் வெந்த பாறையின் மேல்தான் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

இது தெரிந்துதான் ஊர் ஊராக ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்தார்கள். கென்ட் காண்டி என்ற அமெரிக்க நிலவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இந்த மாறுமண்டலத்தின் வேதியியலை ஆராய்ந்து 1982-ல் கட்டுரை வெளியிட்டார்கள். 1988 ஜனவரியில் தென்னிந்தியாவின் ஆழ நிலவோட்டைப் பற்றி ஒரு பயிலரங்கமே நடந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் நிலாவையும் கோள்களையும் ஆராயும் நிறுவனம், பெங்களூரின் இந்திய நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து அதை நடத்தியது. நிலாவை ஆராய்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு கோளின் மேலோடு அடியில் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் சில இடங்களில் தென்னிந்தியா ஒன்று.

அப்போதைய பெரிய சர்ச்சை இரண்டு. பாறையை உலர்த்தியது எது, கீழேயிருந்து வந்த கரியமில வாயுவா அல்லது சூடான பாறைக்குழம்பா? பாறை பிறந்ததும் வெந்ததும் அடுத்தடுத்தா அல்லது வெகுகாலம் கழித்தா? முதல் கேள்விக்கு வாதம் ஓயவில்லை. இரண்டாவது கேள்விக்கு வயதுக் கணிப்புத்தான் பதில் சொல்ல முடியும். மேலே சொன்ன 253-உம் 251-உம் அப்படி வந்த பதில். இடைவெளி சுமார் இரண்டு கோடி ஆண்டு. பூமியின் கணக்கில் அது அடுத்தடுத்துத்தான். ஊகம் என்று சிரித்தீர்களே, ஊகத்தைத் தீர்த்துவைக்கத்தான் இந்த வேலையெல்லாம்.

சரி, இதில் என் கோபம் எங்கே இருக்கிறது?

நம்மிடம் ஒரு பழம்பெருமை உண்டு. கல்லும் மண்ணும் தோன்றுவதற்கு முன்பே தோன்றிய குடி நாம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் கல்லுக்கு 250 கோடி வயது என்று அந்த மேடையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை அந்தச் சாலையில் ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கிறது, பொறியியல் கல்லூரி விளம்பரம் இருக்கிறது, ஓட்டல் விளம்பரம் இருக்கிறது. இங்கே என்ன பாறை, என்ன வயது என்று தமிழில் ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

சார்னோக்கைட் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து, 1893-ல் தாமஸ் ஹாலண்டு வைத்த பெயர். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. நம் மலையின் கல்லுக்கு வெளியூர்க் கல்லறையில் இருந்தவர் பெயர் வந்துவிட்டது. போகட்டும். சென்னைப் பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அது முழுக்க மாறி முடிந்த பாறை. மாற்றம் நடக்கும் இடமோ நம்முடையது. அதற்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை.

கிடைக்காதது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். அந்த இடம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு பக்கம் கிரஷரில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போகிறது. இன்னொரு பக்கம் பாளம் பாளமாக அறுத்து, மெருகேற்றி, துறைமுகத்துக்குப் போகிறது. நாம் கறுப்பு கிரானைட் என்று விற்கும் கல்லில் பெரும்பாலானது கிரானைட்டே இல்லை, டாலரைட். பெங்களூர்ப் பக்கமிருந்து நம் மாவட்டம் வரை கரும்பட்டைகளாக ஓடும் நாளங்களில் கிடைப்பது. அந்தக் கூட்டத்துக்கு நிலவியலார் தருமபுரி பெயரையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். வயது சுமார் 237 கோடி. உலகின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது, நம் ஊர்ப் பாடவேளையில் இல்லை.

கல் உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு அஸ்திவாரமும் கருங்கல்தான். குவாரியில் வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் என் மாணவர்களின் பெற்றோரில் எத்தனையோ பேர். குவாரி நிலவியலுக்கு எதிரியும் அல்ல. கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற ஊரில் வரிப்பாறைக்குள் திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் உருவாகி, பாதியில் நின்றுபோனதைப் பிச்சமுத்து என்ற நிலவியல் அறிஞர் 1960-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அங்கே கல் வெட்டிய முகப்பில்தான் உலகம் அதைப் பார்த்தது. குவாரிச் சுவர் நல்ல கரும்பலகை. ஆனால் எழுதியதைப் படிப்பதற்கு முன் பலகையையே உடைத்து லாரியில் ஏற்றினால் என்ன செய்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். வடகோடிப் பாறையும் தென்கோடிப் பாறையும் எங்காவது மிஞ்சும். இடைப்பட்ட மாறுநிலைப் பாறை போய்விட்டால், ஒன்று மற்றொன்றாக மாறியதற்கான சாட்சி போய்விடும். ஒரு துண்டை எடுத்து மியூசியத்தில் வைத்தால் போதாது. எந்த விரிசலை ஒட்டி மாறியது, எதன் குறுக்கே எது ஓடுகிறது என்பது நிலத்தில் இருந்தால்தான் தெரியும். இன்று தப்பாகத் தோன்றும் ஒரு வயதை நாளைக்கு இன்னும் நுட்பமான கருவியோடு வந்து ஒருவர் சரிபார்க்க வேண்டுமென்றால், பாறை அங்கேயே இருக்க வேண்டும். ஓட்டெடுப்பைத் திருத்த மறு ஓட்டெடுப்பு நடத்தலாம். ஜல்லியை மறுபடி பாறையாக்க முடியாது.

"இதெல்லாம் தெரிந்து சோறு வருமா சார்?" என்று ஒருவர் கேட்பீர்கள். சோறு இருக்கட்டும், தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். நம் வகுப்புகளில் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? கறை தெரியாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? பல் விளக்காதவர்கள் என்று அவர்களைத் திட்டியவர்களும் உண்டு. காரணம் ஃப்ளூரைடு. பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற பாறைக் கனிமங்களில் இருக்கும் ஃப்ளூரின், ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் மாவட்டத்தில் பல ஊர்களில் அது தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. காலடிப் பாறையைத் தெரியாத ஊர், வியாதிக்குப் பிள்ளைகளின் மேல் பழி போடும். தெரிந்த ஊர் தண்ணீரைச் சோதிக்கும். இதைவிட என்ன பிரயோஜனம் வேண்டும்?

நடுகல்லுக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசியுங்கள். ஒரு காலத்தில் வயல் வரப்பில் கவிழ்ந்து கிடந்தன, துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். யாரோ வந்து படித்துச் சொன்னார்கள். ஆநிரை மீட்டு இறந்த வீரன், இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று தெரிந்தது. அதன்பிறகு எடுத்து நிறுத்தினோம், தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்தோம். மனிதன் உளியால் எழுதிய கல்லைப் படித்தவுடன் மரியாதை வந்தது. சிர்க்கானில் எழுதியிருப்பதையும் படித்தாகிவிட்டது. மரியாதை மட்டும்தான் பாக்கி.

ஆகவே நான் கேட்பது நான்கே காரியம்.

கல் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, உங்களில் பலர் நன்றாக இருக்கிறீர்கள், சந்தோஷம். வெள்ளைப் பாறையும் கரும்பாறையும் கலந்து கிடக்கும் முகப்பு தென்பட்டால், வெடி வைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. ஒரு போன் செய்து சொல்லுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறீர்கள். பரிசலும் மீன் வறுவலும் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் சுமார் 240 கோடி ஆண்டு வயதான கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருப்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பாறை ஒன்று, தருமபுரிப் பாறை ஒன்று, இரண்டு துண்டை மேசை மேல் வையுங்கள். அது போதும், பாடம் தானாக நடக்கும்.

அரசு அலுவலகங்களில் இருப்பவர்களே, இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு பாறைத்தொடர் போதும். புறம்போக்கில் இருப்பதாகப் பார்த்து, வேலி போட்டு, தமிழில் பலகை வைக்க ஒரு மனு எழுத உதவுங்கள். நிலவியல் மரபிடங்களைக் காக்க ஒரு வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022-ல் வெளியிட்டது. சட்டத்தை எதிர்பார்த்து நாம் உட்கார்ந்திருந்தால் கிரஷர் உட்கார்ந்திருக்காது. மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட ஐம்பது பேர் வேண்டும்.

மற்ற எல்லோருக்கும், என் மைத்துனர் உட்பட: அடுத்த முறை பூமியின் வயதைப் பற்றி ஏதாவது பகிர்வதற்கு முன், எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பகிராதீர்கள். புகழ்ச்சியாக இருந்தாலும் பகிராதீர்கள்.

மனுவுக்குச் சம்மதம் உள்ளவர்கள் கீழே உங்கள் பெயரையும், பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டையும் போடுங்கள். மாற்றுக்கருத்து உள்ளவர்களும் தாராளமாக எழுதுங்கள், காரணத்தோடு. வெறும் சிரித்த முகத்துக்கு மதிப்பெண் கிடையாது.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் வாத்தியார்